முதல் படகு: ரெண்டு பேர்ல யாரு வேணா தனியா கரை சேர்க்கணும்

படகு, இன்ஜின், கடல் சம்பந்தமா செட்டிநாட்டு வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

கேள்வி: அண்ணே வணக்கம். எங்களுக்குக் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகுது. அவுக சிங்கப்பூர்ல இருந்துட்டு இப்ப ஊரோட வந்துட்டாக, நான் காலேஜ்ல வேலை பாக்குறேன். ரெண்டு பேருக்கும் தண்ணின்னா உசுரு. கார் மாத்த வெச்சிருந்த காசோட இன்னும் கொஞ்சம் போட்டு, ராத்திரி தங்குற மாதிரி ஒரு மோட்டார் படகு வாங்கி சனி ஞாயிறு போயிட்டு வரலாம்னு இருக்கோம். கையில 25 லட்சம் இருக்கு. கொச்சியில 30 அடி பழைய கேபின் படகு, உள்ளயே ரெண்டு பெட்ரோல் இன்ஜின், 22 லட்சம் சொல்றாக. இன்னொண்ணு 21 அடி ஃபைபர், முன்னாடி ரெண்டு பேர் படுக்குற சின்ன கேபின், பின்னாடி வெளிய மாட்டுற ஒரே இன்ஜின் (அவுட்போர்டு), அதுவும் பழசுதான், 14 லட்சம். பெருசா வாங்கிட்டா பிற்பாடு மாத்த வேண்டியதில்லன்னு அவுக சொல்றாக, தொண்டியில கட்டிப் போட்டுக்கலாமாம். எனக்கு ஆசையாவும் இருக்கு பயமாவும் இருக்கு. எதை வாங்கலாம்?
– காரைக்குடி வாசகி

பதில்: தங்கச்சி, 21 அடி. பதிலை மொதல்லயே சொல்லிட்டேன், காரணத்தை இனிமே சொல்றேன், ஏன்னா காரணம் மனசுல நிக்கலன்னா நாளைக்கே யாராவது 35 அடி காட்டுனா மறுபடியும் ஆட ஆரம்பிச்சிருவீங்க.

புருஷன் பொஞ்சாதி ரெண்டே பேர் போற படகுக்கு நான் ஒரே ஒரு சோதனைதான் வெப்பேன். கரையிலேருந்து 5 மைல் தள்ளி இருக்கீங்க, மாப்பிள்ளை வழுக்கி விழுந்து கை பிசகிருச்சு, இல்ல வெயில் தாங்காம மயங்கிப் படுத்துட்டாரு. அப்ப நீங்க ஒத்த ஆளா நங்கூரத்தைத் தூக்கி, இன்ஜினைக் கிளப்பி, திசை பிடிச்சு, எங்க இருக்கோம்னு ரேடியோவுல சொல்லி, படகுத்துறை ஜெட்டியில மோதாமக் கொண்டாந்து கட்டணும். அதே மாதிரி நீங்க படுத்துட்டா அவரு ஒண்டியா கொண்டு வரணும். ரெண்டு பேர்ல ஒருத்தரால முடியலன்னாலும் அந்தப் படகு உங்களுக்குப் பெருசு, என்ன மலிவாக் கிடைச்சாலும் பெருசுதான். நான் பாத்த வரைக்கும் பல வீட்டுல அவரு ஓட்டுவாரு, அந்தம்மா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு அவரு போடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு நிப்பாங்க, ரெண்டாவது வருஷம் நான் வரலன்னுருவாங்க, படகு கரையில கெடந்து வெயில் காயும். உங்களுக்கு இருக்குற பயம் போகணும்னா நீங்க ஸ்டீயரிங்ல நிக்கணும். மொதல் நாள்லேருந்தே பாதி நேரம் நீங்க, பாதி நேரம் அவரு.

30 அடி கேபின் படகு பெட்ரோல், தண்ணி, சாமான் எல்லாம் சேந்து 4, 5 டன் கனக்கும். பக்கவாட்டுல காத்து அடிக்கும்போது அதை ஜெட்டிகிட்ட நிறுத்துறது பழகுன ஆளுக்கே வேர்க்கும், கையால தள்ளி நிறுத்தலாம்னு நெனச்சா கை போயிரும். 21 அடி ஒண்ணு, ஒண்ணரை டன்தான், ஒரு சின்னத் தப்பு பண்ணுனாலும் ஃபெண்டர்னு சொல்ற மோதல் தாங்கி மெத்தையைப் போட்டு, காலைக் கையை நடுவுல விடாம, கயித்தால சமாளிச்சுரலாம்.

அடுத்தது நம்ம தண்ணி. தண்ணியைப் பாத்துட்டுதான் படகைப் பாக்கணும், நிறையப் பேரு இதைத் தலைகீழாப் பண்றாங்க. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பாலான எடத்துல 13 மீட்டருக்குள்ளதான், கரையோரம் கேக்கவே வேணாம், தேவிபட்டினத்துல நவபாஷாணத்துக்குப் போயிருப்பீங்களே, கடலுக்குள்ள நின்னு சாமி கும்பிடற ஆழம். அந்த 30 அடிப் படகுல இன்ஜின் உள்ள இருந்தாலும் அதோட கால், அதாவது புரொப்பல்லர் மாட்டியிருக்குற அடிப்பகுதி, பின்னாடி தண்ணிக்குள்ள தொங்கும், மூணடி ஆழம் அதுக்கே போயிரும். அவுட்போர்டுன்னா இன்ஜினையே மேல தூக்கிக்கிட்டு ஒண்ணரை அடித் தண்ணியில மெதுவா ஊர்ந்து வந்துரலாம். தொண்டி பக்கம் மீன்காரங்க வெச்சிருக்குற வத்தைங்குற நாட்டுப் படகு அடி தட்டையா இருக்குறது சும்மா இல்ல.

ஆழம் இல்லாத கடலு குளம் மாதிரி தெரியும், அதை நம்பாதீங்க. காத்து எழும்புனா இந்த மாதிரிக் கடல்லதான் அலை கிட்டக் கிட்ட, செங்குத்தா வரும், சின்னப் படகைப் போட்டு அடிக்கும். ஐப்பசிலேருந்து மார்கழி முடிய வாடை வீசுற காலத்துல கடல் பக்கமே போகாதீங்க. மாசி, பங்குனி, சித்திரை உங்க காலம், அப்பவும் விடியக்காலம் கெளம்பி மத்தியானக் கடக்காத்து எழும்புறதுக்கு முன்னாடி நிழலா ஒரு எடம் பாத்து நின்னுரணும். படகுல ஒட்டியிருக்குற தகட்டுல ஐரோப்பிய வகைப்பாடு ஏ, பி, சி, டின்னு போட்டிருக்கும், இருந்தாப் பாருங்க. சி-ன்னா கரையோரத்துக்கானது, காத்து பலத்தை அளக்குற கணக்குல 6-ஆம் விசை, அலை 2 மீட்டர் வரைக்கும் கணக்கு. உங்களுக்கு அது போதும். டி போட்டிருந்தா கடலுக்கு எடுத்துட்டுப் போகவே கூடாது, அது காயலுக்கும் ஏரிக்கும்.

இப்ப பெட்ரோல். முழு வேகத்துல 100 குதிரைத்திறன் பெட்ரோல் இன்ஜின் மணிக்கு 35லேருந்து 38 லிட்டர் குடிக்கும், இது எல்லாப் படகுக்காரங்களும் வெச்சிருக்குற தோராயக் கணக்கு. அந்த 30 அடியில ஒவ்வொரு இன்ஜினும் 200க்கு மேலன்னு வெச்சுக்கிட்டா ரெண்டுக்கும் மணிக்கு 150 லிட்டர், லிட்டர் 100 ரூபான்னு போட்டாலும் ஒரு மணி நேரத்துக்கு 15,000 ரூபா. ரெண்டு பேர் சம்பளத்துல இந்தப் படகு மாசத்துல எத்தனை நாள் கரையை விட்டுக் கெளம்பும்னு நீங்களே சொல்லுங்க. மெதுவாப் போனா குறையுமேன்னு அவரு சொல்லுவாரு, குறையும், ஆனா மெதுவாப் போறதுக்கு ரெண்டு பெரிய இன்ஜின் எதுக்கு? தண்ணியை விலக்கிக்கிட்டு மெதுவாப் போற வேகத்துக்கு ஒரு கணக்கு உண்டு, தண்ணியில படுற நீளத்தை அடியில எடுத்து அதோட வர்க்கமூலத்தை 1.34ஆல பெருக்கணும். 20 அடின்னா 6 நாட், அதாவது மணிக்கு 11 கிலோமீட்டர். இந்த வேகத்துல பேச்சு காதுல விழும், காப்பி சிந்தாது, மைலுக்கு ஆகுற பெட்ரோலும் நல்லாவே குறையும். வேகமாப் போகணும்னு அவசரம் வந்தா மட்டும் முடுக்கிக்கலாம். எப்பப் போனாலும் டேங்க்கை மூணாப் பிரிங்க, ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கைத் தொடவே கூடாது.

மெதுவாப் போங்கன்னு சொல்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, எனக்கு அதுதான் பெரிய காரணம். உங்களுக்கு வடக்கால அதிராம்பட்டினத்துலேருந்து அம்மாபட்டினம் வரைக்கும் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பர்ல கடற்பசுப் பாதுகாப்பகமா அறிவிச்சிருக்காங்க, இந்தியாவுலயே மொத தடவை. ஆவுளியான்னு நாம சொல்ற இந்தக் கடற்பசு கடல்புல்லு மேயுற பிராணி, மூச்சு விட மேல வந்துதான் ஆகணும், அந்த நேரத்துல வேகமா வர்ற புரொப்பல்லர்லேருந்து அதால தப்பிக்க முடியாது. புல்லு மேல நங்கூரம் போட்டா புல்லும் பிடுங்கிட்டு வரும், நங்கூரமும் பிடிக்காது, மணலாப் பாத்துப் போடுங்க. அதே மாதிரி வலை. நம்ம கடல்ல எங்க பாத்தாலும் நண்டு வலை, மிதவையா தெர்மோகோல் துண்டோ பிளாஸ்டிக் பாட்டிலோதான் கெடக்கும், ராத்திரி கண்ணுக்கே தெரியாது, அதனால இருட்டுல ஓட்டவே ஓட்டாதீங்க. புரொப்பல்லர்ல வலை சுத்திக்கிச்சுன்னா அறுத்துப் போட்டுட்டுப் போயிராதீங்க, அது ஒருத்தரோட சோறு, தேடிப் பிடிச்சுப் பேசிக் காசைக் குடுத்துட்டு வாங்க. அந்தக் கடல்ல உங்களுக்கு ஒண்ணுன்னா மொதல்ல வர்றது அவங்கதான்.

பெருசா வாங்கிட்டா மாத்த வேண்டியதில்லங்குறது எனக்குப் புரியாம இல்ல. ஆனா நம்ம ஊர்ல முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டுன்னு தெருவுக்குத் தெரு நீளுற வீட்டை வெச்சுக்கிட்டு ஓடு மாத்தக் காசில்லாம பூட்டிப் போட்டிருக்குறவங்களை நாம தினம் பாக்குறோம். 30 அடிப் படகும் அப்படித்தான், வாங்குற விலையில நிக்காது. இன்ஜின் ரெண்டுன்னா எல்லாச் செலவும் ரெண்டு. கட்டிப் போட தொண்டியில மரினா, அதாவது உல்லாசப் படகு நிறுத்துற துறை, கிடையாது, கொச்சி போல்காட்டி மாதிரி எடத்துல காசு குடுத்தா கரண்டு, தண்ணி, காவல் எல்லாம் கிடைக்கும், இங்க மீன்பிடிப் படகுகளுக்கு நடுவுல திறந்த கடல்ல நங்கூரத்துல கெடக்கும், வாடை வந்தா வாரக்கணக்குல தூக்கம் வராது. 21 அடின்னா அகலம் 8 அடிக்குள்ள அடங்கும், டிரெய்லர்ல ஏத்தி வீட்டுக் கொட்டாய்ல நிறுத்தலாம். டிரெய்லரை எந்த வண்டியில இழுக்கலாம், பதிவு எப்படின்னு மட்டும் ஆர்டிஓ ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டுக்கங்க. டிரெய்லர்ல இருந்தா இன்னொரு லாபம், வாடைக் காலத்துல வேற தண்ணிக்குப் போகலாம். கேரளாவுல கொல்லத்துலேருந்து கோட்டப்புரம் வரைக்கும் காயல் வழியாப் போற நீர்வழி 1993ல தேசிய நீர்வழி 3-ஆ அறிவிச்சது, கிளைக் கால்வாயைச் சேக்காம அந்த வழி மட்டும் 168 கிலோமீட்டர். அலை இல்லாத தண்ணி, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டிப் பழக அதைவிட நல்ல எடம் எனக்குத் தெரியல.

புதுசே வாங்கிரலாம்னு தோணுனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க, 2025 செப்டம்பர் 22லேருந்து உல்லாசப் படகுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். பழசே நல்லது, ஆனா பாத்து வாங்கணும். பாக்கப் போகும்போது இன்ஜினை யாரும் ஓட்டி வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போங்க, போனதும் மூடியைக் கழட்டிக் கையை வெச்சுப் பாருங்க, சூடா இருந்தா காலையில கெளம்ப மாட்டேங்குதுன்னு ஏற்கனவே ஓட்டி வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆறிப்போன இன்ஜின் ஒழுங்காக் கிளம்பணும், தண்ணி சீரா பீச்சி அடிக்கணும். அப்புறம் இன்ஜின் மாட்டியிருக்குற பின்பலகை. பழைய ஃபைபர் படகுல அதுக்குள்ள மரம் இருக்கும், தண்ணி இறங்கி உளுத்துப் போயிருக்கும், வெளிய பளபளன்னுதான் தெரியும். பிளாஸ்டிக் சுத்தியலால தட்டிக்கிட்டே வாங்க, கணீர்னு கேக்குற சத்தம் ஒரு எடத்துல தொப்புன்னு கேட்டா அங்க நில்லுங்க. இன்ஜினைத் தூக்கி வெச்சு அதோட காலைப் பிடிச்சு அமுக்குங்க, பலகை ஆடக் கூடாது. இவ்வளவுக்கு மேல காசு குடுத்து படகைச் சோதிக்கிற ஒரு சர்வேயரைக் கூட்டிட்டுப் போங்க, விக்கிறவர் கூட்டிட்டு வர்ற ஆள் வேணாம். கடைசியா ரெண்டு பேரும் அந்த கேபின்ல போய் கதவைச் சாத்திட்டுக் கால் மணி நேரம் படுத்துப் பாருங்க, நம்ம வெக்கையில மேல திறக்குற ஜன்னல் இல்லாத கேபின் அடுப்புதான். சமையல் மேடை இல்லன்னு வருத்தப்படாதீங்க, கட்டுச்சோறு எதுக்கு இருக்கு.

வாங்குறதுக்கு முன்னாடி வாடகைக்கு எடுத்து ரெண்டு ராத்திரி தங்கிப் பாருங்க. பினாங்கு பக்கம் சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா மலேசியாவுல லங்காவிக்குப் போய் ஓட்டுற ஆளோட சேத்து வாடகைப் படகு எடுத்துப் பழகலாம். கடல்ல இருக்கும்போது ஒருத்தருக்கொருத்தர் எப்படிப் பேசிக்கிறீங்கன்னு அப்பத் தெரிஞ்சிரும்.

கடைசியா காகிதம். 2008 மும்பைத் தாக்குதலுக்கு அப்புறம் தெரியாத படகுன்னா யாரும் சும்மா விட மாட்டாங்க, விடவும் கூடாது. காயல்ல ஓட்டணும்னா 2021 உள்நாட்டுக் கப்பல்கள் சட்டப்படி பதிவு, சர்வே எல்லாம் உண்டு. கடலுக்கு தமிழ்நாடு கடல்சார் வாரியத்துல எழுதிக் கேட்டு எழுத்துலயே பதில் வாங்குங்க, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி. தொண்டி மரைன் போலீஸ்லயும் சொல்லி வைங்க. கிழக்கால இலங்கை எல்லை கிட்டத்துல இருக்கு, ஜிபிஎஸ்ல அந்தக் கோட்டைக் குறிச்சு அதுக்கு ரொம்ப முன்னாடியே அலாரம் வெச்சிருங்க. பாம்பன் தாண்டி மன்னார் வளைகுடா போனா அங்க இருக்குற 21 தீவும் 1986லேருந்து தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது. ரேடியோவுல சேனல் 16, போன்ல கோஸ்ட் கார்டு 1554, ரெண்டையும் ஸ்டீயரிங் பக்கத்துல எழுதி ஒட்டுங்க.

கேள்வி: மீன்பிடி ஃபைபர் வல்லம் பழசு மலிவா வருது. அது மேல பிளைவுட்ல கேபின் கட்டி ரெண்டு பேர் தங்குற மாதிரி ஆக்கிக்கலாமா அண்ணே?
– பள்ளத்தூர் வாசகர்

பதில்: வேணாம் தம்பி. வல்லத்தோட உடம்பு நம்ம தண்ணிக்குன்னே பொறந்தது, அதுல குறையில்ல. ஆனா அதுல வலை, ஐஸ், மீனுன்னு பாரம் முழுக்க அடியில கெடக்கும், அதனாலதான் நிக்குது. நீங்க அடியில இருக்குறதை எடுத்துட்டு மேல பலகையும் கூரையும் வெச்சு, அது மேல ரெண்டு பேர் ஏறி உக்காந்து, காத்தும் பக்கத்துல அடிச்சா கவுந்துரும். பைப் வளைச்சு துணிப் பந்தல் போடுங்க, கொசுவலை கட்டுங்க, பகல் பயணத்துக்கு அருமையா இருக்கும். இன்னொண்ணு, அது மீன்பிடிக்கன்னு மீன்வளத் துறையில பதிவான படகு, 1983 கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அது மேல இருக்கு. சுத்திப் பாக்க ஓட்டுறதுன்னா அந்தப் பதிவு என்னாகும்னு ஆபீஸ்ல கேக்காம காசைக் குடுக்காதீங்க.

கேள்வி: நீச்சல் தெரியாம படகுல ஏறவே கூடாதுங்குறாக எங்க ஆத்தா. லைஃப் ஜாக்கெட் போட்டுக்கிட்டாப் போதாதா?
– தேவகோட்டை வாசகி

பதில்: ஆத்தா சொல்றது சரி. ஜாக்கெட்டும் வேணும், நீச்சலும் வேணும். ஜாக்கெட்ல மிதக்க வைக்குற விசை 100 நியூட்டன்னு போட்டிருக்கா பாருங்க, தொடைக்கு நடுவுல போற பட்டை இருக்கணும், இல்லன்னா தண்ணியில விழுந்ததும் அது காது வரைக்கும் ஏறி நீங்க அடியில போவீங்க. பயிற்சியாளர் இருக்குற குளத்துல சேலையோ சுடிதாரோ கட்டியிருக்குற துணியோட ஒரு தடவை மிதந்து பாருங்க. அதைவிட முக்கியமா, தண்ணியிலேருந்து திரும்ப எப்படி ஏறுவீங்க? ஏணி தண்ணிக்குள்ள ரெண்டு படியாவது இறங்கணும், தண்ணியில இருக்குற ஆள் கைக்கே எட்டி இறக்குற மாதிரி இருக்கணும். ஓட்டுறவர் இன்ஜினை நிறுத்துற கயிறான கில் கார்டைக் காலில மாட்டிக்கணும், ஆள் விழுந்தா இன்ஜின் அந்த நிமிஷமே நிக்கணும். நின்ன படகுல ஏறிக்கலாம், ஓடுற படகைத் துரத்த முடியாது.

கேள்வி: நாங்க பாத்த பழைய படகுல இன்ஜின் கால் முழுக்க வெள்ளையா மாவு பூத்த மாதிரி இருக்கு, ஓரத்துல குழியும் விழுந்திருக்கு. புது பெயிண்ட் அடிச்சுத் தர்றேங்குறாரு விக்கிறவரு. எடுக்கலாமா?
– கானாடுகாத்தான் வாசகர்

பதில்: பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடியே பாத்தீங்களே, நல்லதாப் போச்சு. அது அலுமினியம் அரிச்ச உப்பு. கடல் தண்ணியில ரெண்டு வேற வேற உலோகம் தொட்டுக்கிட்டு நின்னா அது பேட்டரி மாதிரி ஆகி, அதுல சீக்கிரம் அரிக்கிற உலோகம் கரைஞ்சு போகும். இதையும் ஆராய்ச்சி பண்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், அதான் சிக்ரி, நம்ம காரைக்குடியில இருக்கு, அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் குடுக்க, 1948ல அடிக்கல் நாட்டி 1953ல திறந்தது, மண்டபத்துலயும் கடல் அரிப்பைப் பாக்குறதுக்குன்னு அவங்களுக்கு ஒரு மையம் இருக்கு. அரிப்பைத் தடுக்கத்தான் இன்ஜின் கால்ல ஒரு சின்ன உலோகக் கட்டி மாட்டுறாங்க, தான் கரைஞ்சு காலைக் காப்பாத்தும். உப்புத் தண்ணிக்கு துத்தநாகம் இல்ல அலுமினியம், காயல் மாதிரி கலப்புத் தண்ணிக்கு அலுமினியம், நல்ல தண்ணிக்கு மட்டும் மக்னீசியம். பாதி கரைஞ்சா மாத்திரணும்.

அந்தப் படகுல போய் அந்தக் கட்டியைப் பாருங்க. கரையவே இல்லாம புதுசு மாதிரி இருந்து கால் மட்டும் அரிச்சிருந்தா, ஒண்ணு கட்டி மேலயே பெயிண்ட் அடிச்சிருப்பாங்க, இல்ல கட்டிக்கும் காலுக்கும் நடுவுல தொடர்பு விட்டுப் போயிருக்கும், ரெண்டுமே கட்டி வேலை செய்யலன்னு அர்த்தம். மேலாக்க மாவு மட்டும்னா சுரண்டிட்டு சரியான பிரைமர் போட்டு ஓட்டலாம். குழியில ஊசி நுனி இறங்குதுன்னா, சீல் உக்கார்ற எடத்துல அரிச்சிருந்தா, உள்ள கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்க, பால் கலந்த காப்பி மாதிரி வந்தா தண்ணி போயிருச்சு, அந்தக் கால் மாத்துற செலவை விலையில கழிக்கச் சொல்லுங்க, கழிக்க மாட்டேன்னா விட்டுருங்க. பெயிண்ட் நீங்களே பின்னாடி அடிச்சுக்கங்க, படகு அடியில பூசுற செம்பு கலந்த பெயிண்டை மட்டும் அலுமினியக் கால்ல பூசிராதீங்க, அது இன்னும் வேகமாத் தின்னுரும். கடல்லேருந்து வந்ததும் ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில பத்து நிமிஷம் இன்ஜினை அலசுங்க.